உறைக்கச் சொன்னால் உடம்பு இளைக்குமா?

பதினான்கு வயதுப் பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருந்துவிட்டால் போதும். கல்யாண மண்டபத்துப் பெரியம்மாவிலிருந்து பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் வரை எல்லோரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசக் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், ‘அவ நல்லதுக்குத்தானே சொல்றோம், நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொன்னாத்தான் வாயைக் கட்டுவா’ என்று பதில் வரும். இந்த வைத்தியம் பலிக்காது. பலிக்காததோடு நின்றால் பரவாயில்லை, நோயையும் வளர்க்கிறது.

அமெரிக்காவில் 2,379 சிறுமிகளைப் பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. ‘நீ ரொம்ப குண்டு’ என்று பத்து வயதில் சொல்லக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடப் பத்தொன்பதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பத்து வயதில் இருந்த எடையையும் குடும்ப வருமானத்தையும் கணக்கில் கொண்ட பிறகும் அப்படித்தான். இளைக்க வேண்டும் என்று சொன்ன சொல்லுக்குப் பிறகு எடை ஏறியிருக்கிறது.

மனம் படும் பாடு இன்னும் மோசம். மினசோட்டாவில் 4,746 பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், எடைக்காகக் கிண்டலுக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதிகம் காணப்பட்டன. அவர்களுடைய எடை உண்மையில் எவ்வளவு என்பது இதை மாற்றவில்லை. ஒல்லிப் பையனுக்கும் இதே கதிதான். நம் சினிமா ஒரு நடிகரைக் ‘குண்டு’ கல்யாணம் என்றது, இன்னொருவரை ‘ஓமக்குச்சி’ நரசிம்மன் என்றது. இரண்டுக்கும் நாம் சிரித்தோம். அவர்களுக்காவது அது தொழில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பட்டப்பெயரால் என்ன கிடைக்கும்?

நாம் காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். குண்டாக இருப்பதால் பிள்ளை சோர்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். சோர்வு முதலில் வந்திருக்கலாம். 9,374 அமெரிக்க வளரிளம் பிள்ளைகளை ஓராண்டு இடைவெளியில் இருமுறை பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் மனச்சோர்வு இருந்தவர்களே பின்னர் பருமனாகும் வாய்ப்பு அதிகம் கொண்டிருந்தார்கள். பருமன் மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் என்று அதில் காண முடியவில்லை.

அதில் வியக்க ஒன்றுமில்லை. மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கூட்டும் அல்லது குறைக்கும், விளையாடப் போகவிடாது. எடை மாறுவது மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்று. சில மனநல மருந்துகளாலும் எடை கூடும். வளரும் பிள்ளைகளிடம் இந்த நோய் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். கதவைச் சாத்திக்கொண்டு, கூப்பிட்டால் எரிந்து விழும் பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் ‘சோம்பேறி’, ‘திமிர்’. ‘தின்னுட்டுத் தூங்கறதுதானே வேலை’ என்று கூடவே ஒரு குத்து வேறு. காய்ச்சலில் கிடப்பவனை உடம்பு ஏன் சுடுகிறது என்று அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

‘அப்போ சர்க்கரை வந்தா யார் பொறுப்பு?’ என்பார்கள். பருமனால் உடல்நலக் கேடு உண்டு, மறுக்கவில்லை. அதைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார். பந்தியில் இலையை எட்டிப் பார்க்கும் மாமா அதற்குத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே 2016-இல் பெற்றோருக்குச் சொன்ன யோசனை, எடையைப் பற்றிப் பேசாதீர்கள், குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள் என்பதுதான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல், நேரத்துக்குத் தூக்கம், சாயங்காலம் விளையாட்டு. இதற்கெல்லாம் பிள்ளையை அவமானப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை ஒதுங்கியே இருந்தால், எடை பார்க்கும் மெஷினில் ஏற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், அரசின் இலவச மனநல ஆலோசனை எண் 14416, தமிழிலேயே பேசலாம்.