கெலோங் ராஜாக்களுக்கு மாலை போட வேண்டாம்

'கெலோங் கிங்ஸ்' புத்தகத்தைப் படிக்கச் சொல்லி என்னிடம் பரிந்துரைக்கிறவர்கள் எல்லாரும் இலக்கியம் வாசிக்கிறவர்கள். காற்பந்து பார்க்கிறவர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "நம்ம ஆளுடா, சுவா சூ காங் பையன், உலகக் காற்பந்தையே ஆட்டி வச்சிருக்கான்!" இதைத் தமிழில் நாவலாக எழுதினால் பிச்சுக்கும் என்று ஒரு நண்பர் கண்கள் மின்னச் சொன்னார்.

எனக்கு அந்த 'நம்ம ஆளு'தான் தொண்டையில் சிக்குகிறது.

வில்சன் ராஜ் பெருமாள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சிங்கப்பூர்த் தமிழர். பல நாடுகளில் காற்பந்து ஆட்டங்களை விலைக்கு வாங்கியவர். 2011 பிப்ரவரியில் பின்லாந்தில் பிடிபட்டு, அந்நாட்டின் வடக்கே ரோவானியெமி நகரில் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். 2014-இல் இரண்டு இத்தாலியப் பத்திரிகையாளர்களோடு சேர்ந்து தன் கதையைப் புத்தகமாக்கினார். சும்மா சொல்லக் கூடாது, விறுவிறுப்பாகப் போகும் புத்தகம். 2010 செப்டம்பரில் பஹ்ரைனுடன் விளையாட வந்த 'டோகோ தேசிய அணி' உண்மையில் டோகோ அணியே இல்லை என்ற கதையைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். பஹ்ரைன் 3-0 என்று ஜெயித்த பிறகுதான் டோகோ சங்கம் 'நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே' என்றது.

சிக்கலே இந்தச் சிரிப்புதான். தந்திரக்காரன் ஜெயிக்கும் கதை நமக்குப் பிடிக்கும். பெரிய நிறுவனம், சின்ன மனிதன், கோமாளித்தனமான மோசடி. ஆனால் கதையைச் சொல்பவன் தந்திரக்காரனே என்பதால், ஏமாந்தவன் எவனும் அதில் முகத்தோடு வருவதில்லை.

கெலோங் மலாய்ச் சொல். கடலில் கழிகளை நட்டுக் கட்டும் மீன்பொறி. மீன் தான் சுதந்திரமாக நீந்துவதாக நினைத்துக்கொண்டே வேலியோரமாகப் போய், திரும்பி வர வழியில்லாத அறைக்குள் சேர்ந்துவிடும். நான் குடியிருக்கும் காத்தோங்கில் இப்போது கடல் இல்லை. 1960களில் கிழக்குக் கடற்கரையை மண் கொட்டி நிரப்பத் தொடங்கும்வரை, மரீன் பரேட் அடுக்குமாடிகள் நிற்கும் இடம் தண்ணீர்தான். கடல் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. ஆட்டம் முன்கூட்டியே விலைபோனது என்று சொல்ல இந்த ஊரில் எந்த மொழிக்காரனுக்கும் 'கெலோங்' என்ற ஒரு சொல் போதும். நம்முடைய ஆள் பெனால்டியைத் தவறவிட்டால் கெலோங். நடுவர் கொடி தூக்கினால் கெலோங். கோப்பிக்கடையில் தோளைக் குலுக்கி "எல்லாம் கெலோங்லா" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் குலுக்கல் எனக்கு ஞானமாகத் தெரியவில்லை. ஆட்டத்தை விற்றவனுக்கு நாம் இலவசமாகச் செய்துகொடுக்கும் வேலை அது. எல்லாமே பொய் என்றால், பொய் செய்தவனைத் தனியாக எதற்குக் கேட்பது?

வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் தந்திரத்தின் பளபளப்பு கொஞ்சம் குறையும். பந்தயச் சந்தையில் யார் ஜெயிப்பார் என்பதற்கு மட்டும் காசு இல்லை. மொத்தம் எத்தனை கோல், எவ்வளவு வித்தியாசம் என்பதற்கும் உண்டு. தோற்கப்போகிற அணியை இன்னும் இரண்டு கோல் கூடுதலாக வாங்கச் சொன்னால் போதும். இதற்கு உள்ளே நுழைய எந்த மேதைமையும் தேவையில்லை. யாருக்குச் சம்பளம் பாக்கி என்று தெரிந்தால் போதும். 2010 உலகக் கோப்பைக்கு முன் தென்னாப்பிரிக்கா ஆடிய நட்பு ஆட்டங்களுக்கு நடுவர்களை ஏற்பாடு செய்து தர 'ஃபுட்பால் ஃபோர் யூ' என்ற சிங்கப்பூர் நிறுவனம் முன்வந்தது. அது பெருமாளின் முகமூடி. தென்னாப்பிரிக்கச் சங்கம் சரி என்றது. மே 31 அன்று குவாத்தமாலாவுக்கு எதிரான ஆட்டத்தில் நைஜர் நாட்டு நடுவர் இப்ராஹிம் ஷாய்பூ கையில் பந்து பட்டதாகச் சொல்லிக் கொடுத்த பெனால்டிகளைப் பார்த்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். முடிவு 5-0. ஷாய்பூவுக்கு ஃபிஃபா ஆயுள்தடை விதித்தது 2019-இல். ஒன்பது வருடம்! நான் பொறியாளன். ஒரு பாலத்தில் விரிசல் தெரிந்து ஒன்பது வருடம் கழித்து வேலி போட்டால் எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர்.

விலை கொடுத்தது யார்? 2009 ஜூலையில் மொனொமொடாபா யுனைடெட் என்ற ஜிம்பாப்வே கிளப்பை மலேசியாவுக்குக் கூட்டிவந்து, தேசிய அணியின் சட்டையைப் போட்டு ஆடவிட்டார்கள். அந்த விவகாரம் வெடித்தபோது எண்பது பேர் அளவில் ஆட்டக்காரர்கள் தேசிய அணியிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். ஒரு நாட்டின் ஒரு தலைமுறைக் காற்பந்து அது. ரோவானியெமியில் பெருமாளோடு தண்டிக்கப்பட்ட ஒன்பது ஆட்டக்காரர்களில் ஏழு பேர் ஜாம்பியாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பனிக்காட்டில் பந்து உதைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள். வேலைக்காக ஊர்விட்டு ஊர் போனவன் என்று பார்த்தால் 'நம்ம ஆளு' இந்த ஏழு பேரில்தானே இருக்க வேண்டும்? நமக்கு அவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

இதையெல்லாம் அமெரிக்கர்கள் நமக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். பேஸ்பாலில் 1865-லேயே நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியின் மூன்று பேர் நூறு டாலருக்கு ஆட்டத்தை விற்றார்கள். 1877-இல் லூயிவில் அணியின் நான்கு பேர் ஆயுள்தடை பெற்றார்கள். அவர்களில் ஜிம் டெவ்லின் என்ற பந்துவீச்சாளர், திரும்ப வேலை கேட்டுக் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் பிலடெல்பியாவில் போலீஸ்காரராகி, 1883-இல் செத்துப்போனார். 1919 உலகத் தொடரை விற்ற வழக்கில் சிகாகோ வொய்ட் சாக்ஸின் எட்டுப் பேருக்கு ஆயுள்தடை. பின்னணியில் இருந்ததாகப் பேசப்பட்ட சூதாடி ஆர்னல்ட் ராத்ஸ்டீன் மீது வழக்குகூட வரவில்லை. ஆனால் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் அந்தத் தொடரை விலைக்கு வாங்கியவனாக வரும் பாத்திரம் அவரை மனதில் வைத்து எழுதியது. டெவ்லினுக்கு எந்த நாவலில் இடம் கிடைத்தது? இலக்கியத்துக்கும் ராத்ஸ்டீன்கள்மேல்தான் கண்.

அந்த எட்டுப் பேரை விரட்டி ஆட்டத்தைச் சுத்தம் செய்தவர் என்று புகழப்படும் நீதிபதி லாண்டிஸ் ஆணையராக இருந்த காலம் முழுக்க, மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இறங்க முடியவில்லை. அவர் இறந்தது 1944. ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது 1947. ஆகவே சூதாடியை வெறுக்கிறேன் என்பதால் சுத்தம் செய்ய வருகிற அதிகாரியின் காலில் விழுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கேயும் அப்படித்தான். பெருமாளின் கூட்டாளி என்று சொல்லப்பட்ட டான் டானை 2013-இல் விசாரணையின்றித் தடுத்துவைத்தார்கள். 2015 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளிநாடுகளில் ஆட்டங்களை விலைக்கு வாங்கியது சிங்கப்பூரின் பொது அமைதிக்கு எப்படி ஆபத்து என்று தடுப்பாணை காட்டவில்லை என்றது. சில நாட்களிலேயே மறுபடி பிடித்தார்கள். சட்டமாகப் பார்த்தால் நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் அளக்க முடியாத சேதம் ஒன்று இந்த ஊரில் நடந்திருக்கிறது.

காத்தோங்கிலிருந்து காலாங் பழைய தேசிய விளையாட்டரங்கம் இருந்த இடத்துக்கு நடந்தே போகலாம். 55,000 பேர் கொண்ட அரங்கம் அது. மலேசியக் கிண்ண ஆட்டத்தன்று அங்கே எழுந்த சத்தம் தஞ்சோங் ரூவரை கேட்கும் என்று அப்பா சொல்வார். 1994 டிசம்பர் 17, ஷா ஆலமில் பஹாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் கிண்ணத்தைத் தூக்கியது. அதில் மூன்று கோல் அபாஸ் சாட் போட்டது. அதற்குள் அணியின் செக் ஆட்டக்காரர் மிகால் வானா, ஜாமீனில் இருந்தபோதே நாட்டைவிட்டு ஓடியிருந்தார். அடுத்த வருடம் அபாஸ் சாட் நீதிமன்றத்தில் குற்றவாளி. 50,000 வெள்ளி அபராதம். சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 1996-இல் எஸ்-லீக் தொடங்கியது. அப்பா ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. அந்த மூன்று கோல்களில் எது நிஜம் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகக் கத்திய ஓர் இடம் இந்த நாட்டில் இருந்தது. எந்தக் கொள்கை அறிக்கையும் போடாமல் தானாக உருவான இடம். அதைத் திரும்பக் கொண்டுவர இன்றுவரை யாராலும் முடியவில்லை.

இதைத்தான் 'நம்ம பையன்' என்று தோளில் தூக்கச் சொல்கிறார்களா?

தமிழர்தான் வேண்டுமென்றால் தேடுங்கள். வளைந்து போகும் உதைகளுக்குப் பேர்போன எஸ். ராஜகோபால் இருக்கிறார். பாசல் கிளப்புக்கு ஆடப் போன வி. சுந்தரமூர்த்தி இருக்கிறார். இவர்களைப் பற்றித் தமிழில் படிக்க ஒரு நல்ல நீண்ட கட்டுரை கேட்டால் கை விரிக்க வேண்டியிருக்கிறது. "அவங்க வாழ்க்கைல என்ன டிராமா இருக்கு?" என்று கேட்கிறார்கள். டிராமா வேண்டுமா? 1998 டைகர் கோப்பையில் அரையிறுதியில் வியட்நாமைத் தவிர்ப்பதற்காக, தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி தன் கோலுக்குள் தானே பந்தைத் தள்ளினார். அப்படித் தோற்றுப்போய் அவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட எதிரணி, சுலபம் என்று நினைத்த சிங்கப்பூர். சிங்கப்பூரிடமும் தோற்றார்கள். பிறகு செப்டம்பர் 5, ஹனோய், இறுதி ஆட்டம், எதிரே வியட்நாம். பந்து ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போனது. 1-0. எந்தப் புக்கியாலும் கணித்திருக்க முடியாத கோல்.