மென்பொருட் களவு
பொருநைக் கால்வாயில் முறைதவறி மடை திறப்பவனைக் கள்வன் என்பர் நெல்லை உழவர். பிறர் உழைத்தாக்கிய மென்பொருளைப் படியெடுத்து விற்பவனையோ கெட்டிக்காரன் என்கின்றது ஊர்!

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்றுக் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாக ஏற்றது. களவுப்படியென அறிந்தே பயன்படுத்துவார்க்கும் 3 ஆண்டு வரை சிறையுண்டு.

‘அறிவு பொதுவன்றோ?’ என்பர் சிலர். அந்நாளைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்திற் பிறந்த பாரதியாரின் பாடல்கள் பொதுவாயினமை களவாலன்று. 1949-இல் அரசு உரிமையைப் பெற்று நாட்டுடைமையாக்கியதால். ஆக்கியோரே பொதுவென ஈந்த கட்டற்ற மென்பொருள்கள் இன்று பல உள; அவற்றைக் கொள்க. விலைக்குரியதை விலைதந்து கொள்க.

தமிழ் எழுத்துருவும் தட்டச்சு நிரலும் ஆக்குவார் சிலரே. அவர்தம் கூலியைக் கவர்ந்துவிட்டுக் கணிப்பொறியில் தமிழ் வளரவில்லையென மேடையில் முழங்குவது எவ்வகை மொழிப்பற்று?