நிலத்தின் மேல் போடும் பழி

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனாலும் குழந்தை இல்லை என்றால் நம்மூரில் தீர்ப்பு தயாராக இருக்கும்: "கர்ப்பப்பை வீக்கா இருக்கு, கரு தங்கமாட்டேங்குது." வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத்தான் சில மருத்துவமனைகளில் மில்லிமீட்டர் கணக்கோடு சொல்கிறார்கள். விதையில் குறையில்லையாம், நிலம்தான் சரியில்லையாம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. கருப்பை உட்சுவரில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அதன் வளர்ச்சி மாதச் சுழற்சியின் எந்த நாளுக்கு உரியது என்று கணிக்கும் முறையை 1950-ல் அமெரிக்காவில் நாய்ஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவர் வகுத்தார்கள். நாள் பிசகினால் கரு ஒட்டாது என்று அரை நூற்றாண்டுக் காலம் பெண்களுக்குச் சொல்லப்பட்டது. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குழந்தை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் சேர்த்துச் சோதித்தது. முட்டை வெளிவந்த பிறகான பாதியின் நடுவில் நாள் பிசகிய உட்சுவர், குழந்தையில்லாதவர்களில் 43.2 சதவீதம். குழந்தை பெற்றவர்களில்? 49.4 சதவீதம்!

அந்தச் சோதனை ஓய்வதற்குள் இன்னொன்று வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கருப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, உட்சுவரைச் சுரண்டி எடுப்பது. சில நிமிட வேலைதான், ஆனால் மாதவிடாய் வலியை மிஞ்சும் வலி சிலருக்கு. காயம் ஆறும்போது கரு நன்றாக ஒட்டும் என்றார்கள். 2003-ல் இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வை நம்பி உலகமெங்கும் சுரண்டினார்கள். ஐவிஎஃப் செய்துகொண்ட 1,364 பெண்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2019-ல் வந்தது. சுரண்டிக்கொண்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம், சுரண்டிக்கொள்ளாதவர்களிலும் அதே 26.1. கருவை எந்த நாளில் வைக்கலாம் என்று சொல்லும் ஈ.ஆர்.ஏ. என்ற மரபணுச் சோதனையும் வந்தது; அது சொன்ன நாளில் கருவை வைத்துப் பார்த்த 2022 ஆய்விலும் பலன் தெரியவில்லை.

உட்சுவர் முக்கியமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பாலிப், டி அண்ட் சி-க்குப் பிறகு உள்ளே ஒட்டிக்கொள்ளும் தழும்பு, நம் நாட்டில் இன்னும் தொலையாத கருப்பைக் காசநோய், இவையெல்லாம் கரு தங்குவதைத் தடுக்கலாம். ஆனால் இவை கண்டறியக்கூடிய காரணங்கள். ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் 7 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய்ப்பு குறையும் என்பதும் சரிதான். அதற்காக 6.8 என்று வந்த உடனே ஒரு பெண்ணை அழவைப்பது அநியாயம். அளப்பவர் மாறினாலே அந்த எண் மாறும்.

அமெரிக்காவில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், குரோமோசோம் சரியாக இருந்த கருக்களை மட்டும் ஒவ்வொன்றாக, அதிகபட்சம் மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். கருப்பை அமைப்பில் கோளாறு இல்லாத பெண்களில், அவர்கள் கணக்குப்படி, 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் கரு தங்கி இதயத் துடிப்பும் தெரிந்தது. எந்தக் கருவையும் ஏற்காத உட்சுவர் அவ்வளவு அபூர்வம்.

இனி யாராவது உட்சுவருக்கு ஒரு புது டெஸ்ட் எழுதித் தந்தால், அதைச் செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகக் குழந்தை பிறந்ததா என்று கேளுங்கள். கூடவே, விதையையும் மறக்காமல், கணவரின் விந்துப் பரிசோதனையை மறுபடி எப்போது எடுப்பது என்றும் கேட்டுவிடுங்கள்.