முன்பணமா, முன்னேற்றமா?



நம் பங்குகளில் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் குடும்பங்களும் உண்டு. இம்மாதச் சிந்தனை இவ்விரு சாராருக்கும் உரியது.

பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். முகம் வாடியிருந்தார். காரணம் வினவினேன்.

"நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்து வைத்திருந்தேனுங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருகிறேன் என்று போனவன், இப்போது குமாரபாளையத்தில் வேறொரு பட்டறையில் நிற்கிறானுங்க. அங்கே ஐம்பதாயிரம் கொடுத்து இழுத்துக்கொண்டார்களுங்க" என்றார்.

"உங்களிடம் எத்தனை ஆண்டு இருந்தார்?"

"ஆறு வருசமுங்க."

"இந்த ஆறு ஆண்டுகளில் உங்களிடம் புதிதாக என்ன கற்றுக்கொண்டார்?"

நண்பர் சற்றுத் திகைத்தார். "தறி ஓட்டத் தெரிந்துதானுங்க வந்தான். இன்னும் என்ன கற்க வேண்டும்?"

அவருடைய நோயும் அதற்கான மருந்தும் அவ்விடையிலேயே அடங்கியிருந்தன.

காவிரிக் கரையின் தறி ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆளை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக வேரூன்றியது. கடன் தீரும்வரை ஆள் நகரமாட்டான் என்பது முதலாளியின் கணக்கு. ஒரு முதலாளியிடம் பெற்று மற்றவர் கடனை அடைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பது தொழிலாளியின் கணக்கு. கடனைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்குவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடனால் கட்டப்பட்டவனின் கை தறியில் இருந்தாலும் மனம் வாசலில்தான் இருக்கும். அத்தகைய மனங்கள் பத்துச் சேர்ந்தால் அது கூட்டமே அன்றிக் குழு ஆகாது.

அப்படியானால் மனிதரை ஒன்றாகப் பிணைப்பது யாது? இதே மாவட்டங்களின் வரலாறு ஒரு விடை தருகிறது.

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் திரைப்பட நிறுவனத்தை 1935ஆம் ஆண்டில் தொடங்கினார். ஏற்காடு செல்லும் சாலையில் அதன் முகப்பு வளைவை நம்மில் பலர் கண்டிருப்போம். ஓர் ஆலையை நடத்துவதைப் போலவே அவர் அதனை நடத்தினார். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பர் எனப் பலரும் அங்கு மாதச் சம்பளத்தில் பணியாற்றினர்.

ஆனால் கண்டிப்பு மட்டும் அந்நிறுவனத்தை வளர்க்கவில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கு உருவானபோது ஒளிப்பதிவுக்கு ஜெர்மானியர் ஒருவரை நாடவேண்டியிருந்தது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தபோது ஒளிப்பதிவாளர் நம் நாட்டவரான டபிள்யூ. ஆர். சுப்பாராவ். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் அத்தொழில் நம்மவர் கைகளில் வந்து சேர்ந்தது.

இளைஞர்களை நம்பிப் பெரும் பொறுப்பை ஒப்படைக்கவும் சுந்தரம் தயங்கவில்லை. 1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'க்கு உரையாடல் எழுதிய மு. கருணாநிதிக்கு அப்போது வயது இருபத்தாறு. நிறுவனத்தின் 'சண்டமாருதம்' இதழில் ஆசிரியப் பணியாற்றியபோது கண்ணதாசன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அங்கு உதவியாளராகத் தொழில் கற்ற முக்தா சீனிவாசன் பின்னாளில் இயக்குநரானார். 1957இல் அவர் இயக்கிய படத்தின் பெயரே 'முதலாளி' என்பது சுவையான பொருத்தம்.

இம்மூவரும் ஒரு கட்டத்தில் சேலத்தை விட்டுச் சென்றவர்களே. அதனால் நிறுவனம் சரிந்ததா? இல்லை. 'அலிபாபா'வுக்குப் பின், 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' என்னும் படத்தையும் சுந்தரமே தந்தார். 1963இல் அவர் மறைந்த பின்னரும் படங்கள் தொடர்ந்தன. மொத்தம் நூற்றுக்கும் மேல். கற்றவர் சிலர் போனாலும், கற்கலாம் என்ற நம்பிக்கையோடு புதியவர் வந்துகொண்டே இருந்தனர்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தேன். அவர் கேட்ட கேள்வி, ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவரும் கேட்பதே: "கற்றுக்கொடுத்த பிறகும் போய்விட்டால் என்னங்க செய்வது?"

போகலாம். ஆனால் கற்றுக்கொடுக்காமல் வைத்திருந்தவரும் போகத்தானே செய்தார்? அதுவும் நாற்பதாயிரத்தோடு!

பெரும் பொருட்செலவு ஏதும் இதற்கு வேண்டுவதில்லை. தார் சுற்றும் பெண்ணுக்குத் தறி ஓட்டப் பழக்குங்கள். தறி ஓட்டுபவரைப் பழுது பார்க்கும் மேஸ்திரியின் அருகில் வாரத்தில் ஒரு நாள் நிறுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் தாம் நிற்கும் படிக்கு அடுத்த படி கண்ணில் தெரியட்டும். துணி குறையுள்ளது என்று வியாபாரி திருப்பி அனுப்பினால், ஏசுவதற்கு முன் அத்துணியை விரித்து, எவ்விடத்தில் ஊடை தவறியது என்று நெய்தவருக்கே காட்டுங்கள். அடுத்த பாவில் அவர் கண் அவ்விடத்தைத் தேடும். சிறு முடிவுகளை அவர்களிடமே விடுங்கள். முதல் தவற்றில் அவ்வுரிமையைப் பறித்துவிடாதீர்கள். பாராட்டு பலர் முன் இருக்கட்டும், திருத்தம் தனியே இருக்கட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். கூடுதல் திறனுக்குக் கூடுதல் கூலி வேண்டும். இரண்டு பேர் வேலையைக் கற்பித்து ஒருவர் கூலியைக் கொடுப்பது வளர்ச்சி ஆகாது. அது இனிப்புத் தடவிய சுரண்டல். பிள்ளையின் மருத்துவச் செலவுக்கோ, மகளின் திருமணத்துக்கோ உதவி கேட்டால், இயன்றதைச் செய்யுங்கள். அவ்வுதவி கயிறாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் வாசகர்களுக்கும் ஒரு சொல். முன்பணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பட்டறை மாறாதீர்கள். 'இங்கு நான் என்ன கற்பேன்?' என்றும் கேளுங்கள். பெற்ற பணம் ஒரு திருவிழாவோடு செலவாகிவிடும். கையில் ஏறிய தொழில் எந்த ஊருக்கும் உடன் வரும்.

விடைபெறும்போது நண்பர் வாசல்வரை வந்தார். உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனைக் காட்டி, "இவன் எப்போதும் மேஸ்திரி வேலையையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பானுங்க. வேலையைப் பார் என்று பலமுறை விரட்டியிருக்கிறேனுங்க" என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, "நாளையிலிருந்து ஒரு மணி நேரம் பார்க்கட்டுமுங்க" என்றார்.

அவ்வொரு மணி நேரத்தை நம் பட்டறையில், கடையில், பணியிடத்தில் யாருக்குத் தரப்போகிறோம்?