பெண்கள் தொழிலும் பாங்கிக் கடனும்

முத்ரா என்னும் கடன் திட்டம் ஆரம்பமாகி 2025 ஏப்ரல் 8-ந் தேதியோடு பத்து வருஷங்கள் பூர்த்தியாயின. அச்சமயம் இந்திய சர்க்கார் ஒரு பெருங்கணக்கை வெளியிட்டார்கள். பத்தாண்டில் 52 கோடிக்கு மேற்பட்ட கடன்கள். கொடுத்த தொகை 32 லட்சம் கோடி ரூபாய்க்கு அதிகம். கடன் கணக்குகளில் நூற்றுக்கு 68 பெண்களுடையவை. ஈடு ஒன்றும் கேளாமல் சிறு வியாபாரிக்கும் கைத்தொழிலாளிக்கும் பாங்கியின் கதவைத் திறந்துவிட்ட காரியம் மெச்சத்தக்கதே. அதைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று.

ஆனால் பெருக்கிக் காட்டியவர்கள் வகுத்துப் பார்க்கும் வேலையை நமக்கு விட்டுவிட்டார்கள். மேற்கண்ட தொகையை மேற்கண்ட எண்ணிக்கையால் வகுத்தால், கடன் ஒன்றுக்குச் சராசரி 60,000 ரூபாய்க்குச் சிறிதே அதிகமாக வருகிறது. (52 கோடிக் கடன் என்பது 52 கோடி மனிதர் என்று பொருள்படாது, ஒருவரே இரண்டு மூன்று முறை வாங்கியதும் அதில் அடங்கும்.) இத்தொகைக்கு இரண்டொரு தையல் யந்திரம் வாங்கலாம், இட்லிக் கடைக்குக் கிரைண்டரும் பாத்திர பண்டங்களும் வாங்கலாம். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் பட்டறை ஒன்றை வைக்க முடியுமா? கடன் பெற்றவள் அன்றாட ஜீவனத்தைச் சற்றுச் சுலபமாக நடத்துகிறாள் என்பது உண்மை. அவள் தொழில் முதலாளி ஆகிவிட்டாள் என்று கொண்டாடுவது வேறு விஷயம்.

நமது சந்தேகத்துக்குச் சர்க்கார் கணக்கிலேயே ஆதாரம் இருக்கிறது. சிறு தொழில்களை 2020 ஜூலை முதல் உத்யம் என்ற பதிவேட்டில் பதிந்துவருகிறார்கள். அதைப் பற்றி 2024-ல் தெரிவித்த விவரப்படி, பதிவான தொழில்களில் பெண்களுக்குச் சொந்தமானவை நூற்றுக்கு 20.5. முதலீட்டில் அவற்றின் பங்கு 11.15, விற்பனை வருமானத்தில் 10.22. வேலை கொடுப்பதிலோ 18.73! நேயர்கள் இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டுகிறோம். முதலில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் பெற்ற இத்தொழில்கள், வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவருகின்றன. யந்திரம் வாங்கப் பணமில்லாத இடத்தில் கைகளே அதிகமாக உழைக்கின்றன என்றும் இதற்குப் பொருள் சொல்லலாம். எப்பொருள் கொண்டாலும், முதல் போதவில்லை என்ற முடிவு ஒன்றே.

போதிய முதல் ஏன் கிடைக்கவில்லை? சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையில் ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2010-லேயே கட்டளையிட்டது. கட்டளை ஏட்டில் இருக்கிறது. கிளை மானேஜரோ, ஓரளவுக்கு மேற்பட்ட கடன் என்றதும் நிலமோ வீடோ உண்டா என்றுதான் முதலில் விசாரிக்கிறார். நிலம் யார் பெயரில் இருக்கிறது? தந்தையின் பெயரில், அல்லது கணவன் பெயரில். நமது மாகாணத்தில் 1989-லும், தேசம் முழுவதற்கும் 2005-லும், பிதிரார்ஜித சொத்தில் குமாரத்திக்கும் குமாரனுக்கும் சம உரிமை என்று ஹிந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தில் ஏறிய உரிமை பட்டாவில் ஏறிய குடும்பங்கள் எத்தனை? சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சீர்வரிசையோடு திருப்தியடையும்படி பெண்ணைப் பழக்கியிருக்கிறோம். பிறகு அவளிடமே பாங்கி பட்டா கேட்கிறது.

பெண்களுக்கென்றே தனிப் பாங்கி வைத்தால் இக்குறை தீரும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். ஸ்ரீ ப. சிதம்பரம் 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினார். அவ்வருஷம் நவம்பர் 19-ந் தேதி பாரதீய மஹிளா பாங்கி பம்பாயில் திறக்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் தேதி அது ஸ்டேட் பாங்கியோடு ஐக்கியமாயிற்று. மூன்று வருஷத்தில் அது பெண்களுக்குக் கொடுத்த கடன் 192 கோடி ரூபாய்தான் என்றும், ஸ்டேட் பாங்கிக் கூட்டமோ சுமார் 46,000 கோடி கொடுத்தது என்றும் சர்க்கார் அப்போது காரணம் கூறினார்கள். இதிலிருந்து பெண்கள் பாங்கி வீண் என்று முடிவு செய்வது தவறு. ஆமதாபாத்தில் 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு ஆரம்பித்த சேவா பாங்கி நிலைத்து நிற்கவில்லையா? டில்லியில் பிறந்த பாங்கிக்குப் பெயர்ப் பலகை இருந்தது. ஊர்தோறும் வேர் இருக்கவில்லை.

இனி, பணம் வரும் வழியையும் கவனிக்க வேண்டும். சிறு தொழில் அபிவிருத்திக்காக 1990-ல் ஏற்பட்ட ஸிட்பி என்னும் பாங்கி, சிறு கடன் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்கிறது; கம்பெனிகள் அதைத் தெருத் தெருவாகப் பெண்களுக்குச் சில்லறையாக விற்கின்றன. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம் வாரந்தோறும் தவணை கட்டுகிறவளின் தலையில் விழுகிறது. ஆந்திராவில் 2010-ல் வசூல் கொடுமையும் தற்கொலைகளும் நிகழ்ந்து, அங்குள்ள சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பின் ரிசர்வ் பாங்கி இக்கம்பெனிகளின் வட்டிக்கு விதித்த வரம்பும் 2022-ல் எடுபட்டுப்போயிற்று. 2025 ஏப்ரலில் நமது சட்டசபையும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க மசோதா நிறைவேற்ற வேண்டி வந்தது. அபிவிருத்திப் பாங்கியின் பணம் இவ்வாய்க்காலில் ஓடும்வரை, கடைசி மடையில் வட்டி என்ன என்று கேட்கும் கடமை அப்பாங்கிக்கு உண்டு.

பெண் பெயரில் கடன் வாங்கிப் புருஷன் செலவழிக்கிறான் என்று ஒரு ஆட்சேபம் உண்டு. நடக்கிறதுதான், ஆனால் புருஷன் வாங்கி, வீட்டார் தலையில் சுமத்துவதைக் கண்டு யாரும் ஆண்களுக்குக் கடனை நிறுத்தியதில்லை. திருப்பிக் கட்டமாட்டார்கள் என்ற ஆட்சேபமோ நிற்கவே நிற்காது. நபார்டு பாங்கி 1992-ல் 500 குழுக்களோடு பரீட்சையாக ஆரம்பித்த சுய உதவிக் குழுக் கடன் இன்று தேசமெங்கும் பரவியிருக்கிறது. கிராமப் பெண்கள் குழுக்களுக்கு சர்க்கார் இயக்கத்தின்கீழ் கொடுத்த கடனில் வராக்கடன் நூற்றுக்கு இரண்டு அளவிலேயே நின்றுவருகிறது. கோடிக் கணக்கில் வாங்கி வெளிதேசம் ஓடிய கனவான்கள் எக்குழுவின் அங்கத்தினர்?

ஆலைகளுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கச் சாதாரண பாங்கிகள் அஞ்சியபோது, அந்த அச்சத்தைத் தேசம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றே 1948-ல் இந்தியத் தொழில் நிதிக் கார்ப்பொரேஷனும், 1949-ல் சென்னையில் தொழில் முதலீட்டுக் கழகமும் தோன்றின. ஆலை முதலாளிக்காக ஏற்ற அபாயத்தைப் பட்டறைக்காரிக்காக ஏற்க ஏன் தயங்க வேண்டும்? 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் கொடுக்கச் சொல்லிற்று. பெண்கள் விஷயத்தில் அது விதித்த குறைந்த அளவு கிளைக்கு ஒருத்தி!

வழி ஏற்கெனவே சர்க்கார் கையில் இருக்கிறது. 10 லட்சம் வரையுள்ள தருண் கடனை ஒழுங்காகக் கட்டியவருக்கு 20 லட்சம் வரை கொடுக்கலாம் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கட்டிய கணக்கே ஈடு என்னும் இந்த நியாயத்தை ஏணியின் உச்சிப் படியில் மட்டும் வைத்தால் எவ்வளவு பேருக்கு எட்டும்? 50,000 ரூபாய்க்கு உட்பட்ட சிசுக் கடனைக் கட்டி முடித்த பெண், அடுத்த படிக் கடனைப் பட்டா காட்டாமல், ஜாமீனுக்கு ஆண்பிள்ளை தேடாமல், உரிமையாகப் பெற வேண்டும். மறுக்கும் மானேஜர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அடுத்த வருஷக் கணக்கு வெளியாகும்போது எத்தனை கோடிக் கடன் என்பதோடு, சென்ற ஐந்தாண்டில் சிசுவிலிருந்து மேற்படிக்கு ஏறிய பெண்கள் எத்தனை பேர் என்பதையும் ஜில்லாவாரியாக அச்சிட வேண்டுமென்று கேட்கிறோம். பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள் இக்கேள்வியை வருகிற கூட்டத்திலேயே போடலாம்.