கோல் ஏன் விழவில்லை? ஒரு பழைய கிளார்க்கின் நோட்

இந்தியக் கால்பந்து அணி தோற்ற மறுநாள் காலை, எங்கள் பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்க வருகிற பெரியவர்கள் பக்கம் காது கொடுத்தால் ஒரே கேள்விதான் கேட்கும். "சேத்ரிக்கு அப்புறம் யாரு சார்?" கிரிக்கெட் நாட்டில் இப்படியும் சில பேரா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறோம். என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கால்பந்துப் பைத்தியம் இலக்கணப் புத்தகத்தோடு சேர்ந்தே வந்தது. இலக்கணம் பாதி மறந்துவிட்டது, பைத்தியம் தெளியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டத்தில் நாம் போட்ட கோல் பூஜ்யம். அந்த வருஷம் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. ஜூன் மாதம் கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தோடு சுனில் சேத்ரி விடைபெற்றார். அதுவரை நாட்டுக்காக அவர் போட்டது 94 கோல். ஒன்பது மாதம் கழித்து, 40 வயதில், அவரையே திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தார், மாலத்தீவுடன் ஒரு கோலும் போட்டார். அடுத்து 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1, சிங்கப்பூருடன் 1-1, அதே சிங்கப்பூரிடம் நம் கோவாவிலேயே 1-2. கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. ஆக ஐந்து ஆட்டம், இரண்டே கோல்.

இதற்கு எங்கள் நடைக் குழுவில் ஆளுக்கொரு மருந்து வைத்திருக்கிறார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், "நல்ல சென்டர் ஃபார்வர்டு ஒருத்தன் கிடைச்சா போதும் சார், எல்லாம் சரியாயிடும்" என்பார். பழைய உடற்பயிற்சி ஆசிரியர், "பசங்களுக்கு உடம்புல தெம்பு இல்லை" என்பார். இன்னொருவர் கோச்சை மாத்து என்பார். 2024 ஜூனிலிருந்து 2025 ஆகஸ்டுக்குள் ஸ்டிமாச் போய், மார்க்கேஸ் வந்து, அவரும் போய், காலித் ஜமீல் வந்ததை எடுத்துச் சொன்னால், "அப்ப இவரையும் மாத்து" என்பார். கைப்பேசியில் எல்லாம் பார்த்துவிட்டு வருகிற ஒருவர், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களைக் கூட்டிவர வேண்டும் என்பார். வங்கதேசம் இங்கிலாந்திலிருந்து ஹம்சா சௌத்ரியைக் கொண்டுவந்து ஆட வைத்ததைக் காட்டுவார்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நால்வரும் தேடுவது ஒரே ஆளை. கடைசியில் நின்று பந்தை வலைக்குள் தள்ளுகிற ஆளை. என் வாதம் இதுதான்: நம் சிக்கல் கடைசி ஆளிடம் இல்லை. பந்து அவனிடம் போய்ச் சேருகிற வழியில் இருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனைத்தான் மக்கள் திட்டுவார்கள். "மூணு மாசமா அலையறேன், நீ என்னய்யா பண்றே?" என்று ஒருவர் மேசையில் குடையைத் தட்டியிருக்கிறார். அவருடைய கோப்பு என் மேசைக்கு வந்தது அன்றைக்குக் காலையில். அதற்கு முன் அது தபால் பிரிவில் ஒரு மாதம், நோட் போடுகிறவரிடம் ஒரு மாதம், லீவில் போன அதிகாரியின் அறையில் ஒரு மாதம் இருந்தது. என்னை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் ஒரு மகா சுறுசுறுப்பான ஆளை உட்கார வைத்திருந்தாலும் அவர் என்ன செய்திருப்பார்? வராத கோப்பில் கையெழுத்துப் போடவா முடியும்?

கால்பந்தில் கோலுக்கு முந்தின பாஸை இங்கிலீஷில் 'அசிஸ்ட்' என்கிறார்கள். அதாவது உதவி. ஏதோ கையாள் வேலை மாதிரி. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'பாஸ் தெசிசீவ்', தீர்மானிக்கும் பாஸ். கோலைத் தீர்மானித்தது அந்தப் பாஸ்தான், அடித்தவன் அதை முடித்து வைத்தான் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. சின்ன வயதில் இதை யோசித்ததில்லை. இப்போது ஒவ்வொரு ஆட்டத்திலும் யோசிக்கிறேன்.

பிரெஞ்சு அணியின் கதையையே பாருங்கள். 1998இல் சொந்த மண்ணில் உலகக் கோப்பையை வென்றார்கள். ஏழு ஆட்டத்தில் 15 கோல். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ஸ்தெஃபான் கிவார்ஷ். அந்த வருஷம் பிரெஞ்சு லீக்கில் அதிக கோல் போட்டவர் அவர். உலகக் கோப்பையில் அவர் போட்டது ஒன்றுமில்லை. அரையிறுதியில் குரோவேஷியாவுக்கு எதிராக இரண்டு கோலையும் போட்டவர் லிலியன் துராம், பின்வரிசைக்காரர். நாட்டுக்காக அவர் வாழ்நாளில் போட்டதே அந்த இரண்டுதான். இறுதி ஆட்டத்தில் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டவர் நடுக்கள வீரர் ஜிதான்.

இருபது வருஷம் கழித்து 2018, ரஷ்யா. மறுபடி பிரான்ஸ் சாம்பியன், 14 கோல். சென்டர் ஃபார்வர்டு ஒலிவியே ஜிரூ போட்டது பூஜ்யம். அந்தப் போட்டி முழுவதும் அவர் அடித்த ஒரு பந்துகூடக் கோல் சட்டத்துக்குள் போகவில்லை. ஆனாலும் கோச் தெஷான் அவரை எடுக்கவில்லை. எதிரணியின் இரண்டு தடியர்களை ஜிரூ தன் முதுகிலேயே கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் எம்பாப்பேயும் கிரீஸ்மானும் ஆளுக்கு நான்கு கோல் போட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் 2002. சாம்பியன் என்ற பட்டத்தோடு கொரியாவில் இறங்கினார்கள். இங்கிலாந்து லீக்கில் அந்த வருஷம் முதலிடம் பிடித்த ஹான்ரி, இத்தாலி லீக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட த்ரெஸெகே, பிரெஞ்சு லீக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட சிஸே என்று மூன்று பேரும் ஒரே அணியில். இதைவிட ஒரு முன்வரிசை யாருக்குக் கிடைக்கும்? செனகலிடம் 0-1, உருகுவேயுடன் 0-0, டென்மார்க்கிடம் 0-2. ஒரு கோல்கூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். ஜிதான் காயம்பட்டு முதல் இரண்டு ஆட்டமும் ஆடவில்லை. மூன்றாவதில் தொடையில் கட்டோடு இறங்கினார், பலிக்கவில்லை. சட்டத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளும் உண்டு, துரதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மூன்று பேர் வாசலில் காத்திருக்க, உள்ளேயிருந்து பரிமாற ஆளில்லாத பந்தி மாதிரிதான் இருந்தது.

2024 யூரோவிலும் இதே பாட்டுத்தான். முதல் ஐந்து ஆட்டத்தில் பிரான்ஸ் கணக்கில் மூன்று கோல். இரண்டு எதிராளி தன் வலையிலேயே போட்டுக்கொண்டது, ஒன்று பெனால்டி. எம்பாப்பே என்ன ஆடத் தெரியாதவரா? எங்கள் ஊரில் அப்போதும் அவரைத்தான் திட்டினார்கள்.

"அது பிரான்ஸ், நம்ம கதை வேற" என்று வங்கிக்காரர் சொன்னார். சரி, நம் கதைக்கே வருகிறேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்ஸும் மோதின. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. எங்கள் அப்பா தலைமுறைக்கு எந்தப் பக்கம் கை தட்டுவது என்பதே ஒரு குழப்பமாக இருந்திருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கடைசியில் 1-2 என்று தோற்றோம். இரண்டு பெனால்டியை வீணாக்கினோம் என்பதைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு ஐரோப்பிய அணியின் பெட்டிக்குள், இரண்டு பெனால்டி கிடைக்கும் அளவுக்கு வெறுங்காலோடு பந்தைக் கொண்டுபோனவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியபோது கோச் ரஹீம் சாஹிப். தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த பின்வரிசைக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். ஒரு கோல் பி.கே. பானர்ஜி போட்டது, மற்றது ஜர்னைல் சிங் போட்டது. பின்வரிசைக்காரர் போய் நின்று கோல் போட முடிந்ததென்றால், பக்கத்தில் சுனி கோஸ்வாமி, பலராம் போன்றவர்கள் பந்தைப் பேச வைத்துக்கொண்டிருந்ததால்தான்.

சேத்ரியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். அவர் நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் ஒரு பாக்கியம் இருபது வருஷம் நீடித்தால் வீட்டில் உள்ளவர்கள் கூரையைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். அரைகுறைப் பந்தையும் அவர் கோலாக்கினார், அதனால் நடுக்களம் பலவீனம் என்பது வெளியே தெரியவில்லை. அவர் விலகிய பிறகுதான் ஒழுகல் தெரிகிறது.

அடுத்தது நம் ஐஎஸ்எல். 2014இல் தொடங்கிய அந்த லீக்கில் 2024-25 சீசன் வரை அதிக கோலுக்கான பரிசை ஒரு இந்தியர்கூட வாங்கியதில்லை. அந்த சீசனில் மொராக்கோக்காரர் அஜாரி 23 கோல் போட்டார். இந்தியர்களில் முதலிடம் 14 கோல் போட்ட 40 வயது சேத்ரிக்கு. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் இருக்கலாம் என்பது விதி. கிளப்புகள் அவர்களை எங்கே வைக்கும்? அணியின் முதுகெலும்பில்தான். முன்னால் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர் இருவர், பின்னால் ஒருவர். நம் பையன்களுக்கு ஓரங்கள் மிச்சம். அதனால்தான் சாங்தே, லிஸ்டன் கொலாசோ என்று நல்ல ஓரக்காரர்கள் நமக்கு உண்டு. நடுவில் நின்று தலை நிமிர்ந்து பார்த்து, முப்பது அடியில் ஒரு பாஸைச் செருகுகிற ஆளுக்குப் பழக இடமே இல்லை. முன்வரிசை காலி என்று அழுகிறோம், நடுவறையும் காலி என்பதைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டவரைத் துரத்தினால் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அவர்கள் இல்லாத லீக் மட்டம் இறங்கிவிடும். இரண்டாம் அணிகளுக்கும் இளைஞர் லீக்குகளுக்கும் வருஷம் முழுக்க ஆட்டம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனால் நடந்தது என்ன? 2025 ஜூலையில் ஒப்பந்தத் தகராறில் ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வருஷம் முடியும்வரை தொடங்கவே இல்லை. சூப்பர் கோப்பை போல் சில ஆட்டங்களைத் தவிர, ஆடாமல் இருந்த பையன்களைத்தான் சிங்கப்பூருக்கும் டாக்காவுக்கும் அனுப்பினோம். சமையலறையைப் பூட்டிவிட்டு, சோறு எங்கே என்று பரிமாறுகிறவனைக் கேட்கிற கதை.

எங்கள் தெருவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். நல்ல வேகம், அதனால் முன்வரிசையில் போட்டார்கள். அவர்கள் ஆடுகிற மைதானத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கரையில் நின்ற பெரியவர்கள் எல்லோரும், "தூக்கி அடி, ஏத்தி விடு!" என்றே கத்தினார்கள். பின்னாலிருந்து வருகிற பந்தெல்லாம் இவன் தலைக்கு மேல் பறந்தது. ஒரு மணி நேரத்தில் இவன் காலுக்கு ஒழுங்காக வந்த பந்து மூன்றோ நான்கோதான். சென்ற மாதம் அவனே என்னிடம் சொன்னான். "நான் பேக்குல ஆடறேன்னு சொல்லிட்டேன் தாத்தா. கோல் போடலன்னா அப்பா வண்டியில வூடு வர்ற வரைக்கும் திட்டுறாரு. பேக்குல ஆடுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. சேத்ரிக்கு அப்புறம் யார் என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே, வரக்கூடிய ஒருவனைப் பதினான்கு வயதில் நாமே பின்வரிசைக்கு விரட்டியிருக்கிறோம்.

அதனால் என் நோட் இத்துடன் முடிகிறது, மேலதிகாரிகளின் பார்வைக்கு. அடுத்த முறை இந்தியா கோல் போடாமல் திரும்பினால் முன்னால் நின்றவன் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே ஒரு பாதி ஆட்டத்துக்கு, பெட்டிக்குள் அவன் காலுக்கு எத்தனை பந்து வந்தது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு கை விரலே மிச்சம் இருந்தால், கேள்வியை அவனிடம் கேட்காதீர்கள், மற்ற பத்துப் பேரிடம் கேளுங்கள். அவர்களுக்கு ஆட மைதானமும் மாதாமாதம் ஆட்டமும் கொடுக்க வேண்டியவர்களிடம் இன்னும் உரக்கக் கேளுங்கள்.

அந்தப் பையனின் அப்பாவிடம் நான் பேசிப் பார்த்தேன். "கோல் எத்தனைன்னு கேக்காதீங்க முசியே, இன்னைக்கு எத்தனை பேருக்குப் பாஸ் கொடுத்தேன்னு கேளுங்க" என்றேன். சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி சொல்வேன்.