ரோட்டில் மட்டும் மிஞ்சிய கொட்டகை

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் போனால் வெரைட்டி ஹால் ரோடு வரும். கடைப் பலகையிலும் பில்லிலும் பார்சல் முகவரியிலும் அந்தப் பெயர்தான். ஹாலை மட்டும் தேட வேண்டாம், கிடைக்காது. 1914-ல் வெரைட்டி ஹாலாக எழுந்து, பின்னால் டிலைட் தியேட்டராகப் பெயர் மாறி, நூறு வயதைத் தாண்டி நின்ற அந்தக் கட்டடத்தை இந்தப் பத்தாண்டில் இடித்துவிட்டார்கள். தென்னிந்தியாவில் சினிமாவுக்கென்று எழுந்த முதல் நிரந்தரக் கொட்டகைகளில் அது ஒன்று. தியேட்டர் தன் பழைய பெயரை எப்போதோ கைவிட்டது. ரோடு கைவிடவில்லை.

காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு கோவைக் கொட்டகைக்கு ஒப்பாரி வைப்பானேன் என்று கேட்கலாம். அந்தக் கதை ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து தொடங்குகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

1905-ல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வே அலுவலகத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர், வயது இருபத்திரண்டு. அப்போது துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடம்புக்கு முடியாமல் போகவே, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். படம் காட்டும் கருவி, சில துண்டுப் படங்கள், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு படம் ஆகியவைதான் அவருடைய மொத்தச் சொத்து. விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். மாதச் சம்பளக்காரருக்கு அது பல வருட வருமானம். வின்சென்ட் எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கினார், வேலையை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வடக்கே பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டி பர்மாவுக்கும் போய்ப் படம் காட்டினார்.

அவர் விட்டுவிட்டு வந்த அதே ரயில்வே கம்பெனிதான் 1898-லிருந்து பேரளம் – காரைக்கால் பாதையில் ரயில் ஓட்டியது. தண்டவாளம் பிரெஞ்சுக்காரர் பக்கம், வண்டி ஆங்கிலேயக் கம்பெனியுடையது. அந்தப் பாதையும் 1980-களில் மூடப்பட்டது. எங்கள் ஊருக்கு இழப்பு புதிதல்ல.

பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஆறே மாதத்தில், 1896 ஜூலை 7 அன்று, அது பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டது. ஆனால் ஹோட்டல் கூடத்தில் பார்த்தவர்கள் துரைமாரும் கனவான்களும். கும்பகோணத்துக்காரரும் கோயம்புத்தூர்காரரும் படம் பார்த்தது வின்சென்ட் போன்றவர்களின் கூடாரத்தில்தான். தமிழ் சினிமாவின் தொடக்கத்தை எழுதுகிறவர்கள் முதலில் படம் எடுத்தவரைத் தேடுகிறார்கள். படம் காட்டியவரை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது எப்போதும் நெருடல். பார்க்க ஆள் சேர்ந்த பிறகுதானே எடுக்க ஆள் வந்தது?

கூடாரம் ஓர் ஊரில் சில வாரம் நிற்கும், பிறகு சுருட்டப்படும். கட்டடம் எழுப்புவது வேறு துணிச்சல். இந்த ஊரில் நாளைக்கும் நாளன்றைக்கும் ஆள் வருவார்கள் என்று நம்பி மண்ணில் காசைப் போட வேண்டும். வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹாலை எழுப்பி அதைச் செய்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். இரண்டும் ஊமைப்பட நாளில் பிறந்தவை. தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானபோது வெரைட்டி ஹாலுக்கு வயது பதினேழு. இரண்டு ஆண்டு கழித்து வின்சென்ட் கல்கத்தாக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தார். நாயகி, 'காளிதாஸி'ல் நடித்த அதே டி.பி. ராஜலட்சுமி. படம் நன்றாக ஓடியது. 1942-ல் வின்சென்ட் காலமானார்.

கொட்டகைக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்குக் கட்டடத்தைவிடப் பெரிய விஷயம். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு சொல்லவில்லை, மடியில் இருந்த காசு சொன்னது என்பது அவர் வாதம். தரை, பெஞ்சு, பேக் பெஞ்சு, சேர். காசு போட்ட கோடும் கோடுதான், மறுக்கவில்லை. பெண்களுக்குத் தனித் தடுப்பு வைத்த கொட்டகைகளும் இருந்தன. ஆனாலும் தேர் நிலைக்கு வரும் தெருவில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவர், கொட்டகையில் அரையணாக் கூடக் கொடுத்தால் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். அந்த வசதியைத் தமிழ்நாட்டில் அதற்கு முன் எந்த மண்டபமும் தரவில்லை.

அந்தக் கால்மேல் காலுக்குப் பின்னால், சுவரில் இருந்த சின்னச் சதுரத் துளைக்கு அந்தப்புறம், ஒருவர் வெந்துகொண்டிருப்பார். ஆபரேட்டர். கரித்துண்டுகள் இரண்டை எதிரெதிரே வைத்து மின்சாரம் பாய்ச்சினால் நடுவே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வரும். திரையில் விழுவது அந்த வெளிச்சம்தான். கரி எரிய எரியக் குறையும். இடைவெளி கூடினால் படம் மங்கும், அடியில் 'லைட்டு, லைட்டு' என்று கத்துவார்கள். கறுப்புக் கண்ணாடி வழியே அதைப் பார்த்துப் பார்த்துத் திருகிக் கொடுக்க வேண்டும். ரீல் முடியப் போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டும். அந்தக் கணத்தில் அடுத்த புரொஜக்டரை ஓட விட வேண்டும். அறைச் சூட்டில் சட்டை போட முடியாது. நாயகன் பாடிக்கொண்டிருந்த வேளையெல்லாம் இவர் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் வந்த படம் டிஜிட்டலாக மாறிய பிறகு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. எந்த டைட்டில் கார்டிலும் அந்தப் பெயர்கள் வந்ததில்லை.

தியேட்டர்கள் ஏன் விழுந்தன என்பது ஊரறிந்த கதை. 1975-ல் சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது, எண்பதுகளில் வீடியோ கேசட், 1993-ல் சன் டி.வி. மாட்னிக்கு வந்த பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தியேட்டர் இருக்கும் இடம் ஊரின் நடு மத்தி. நாலு காட்சிக்குப் பாதி சீட்டு காலியாகக் கிடக்கும் கூடத்தைவிட, அதே மனையில் எழும் துணிக்கடை ஒரு தீபாவளி வாரத்தில் அதிகம் சம்பாதிக்கும். மதுரை தங்கம் தியேட்டரைப் பாருங்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது, 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிய கூடம். இன்று அங்கே ஜவுளி மாளிகை நிற்கிறது. உரிமையாளரைத் திட்டி என்ன பயன்? ஊரார் வராத கொட்டகைக்கு ஊரார் நினைவுக்காக அவர் மட்டும் ஏன் வரி கட்ட வேண்டும்?

எது பிழைத்தது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். சென்னை அண்ணா சாலையில் 1913-ல் வார்விக் மேஜர் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. தபால் இலாகா அதை வாங்கிக்கொண்டது. அதனால் இன்றும் நிற்கிறது, தபால்தலை விற்கிறார்கள். பல பத்தாண்டு ஓடிய கெயிட்டி இல்லை. இரண்டு வருடத்தில் தோற்றுப்போனது இருக்கிறது. சர்க்கார் சொத்தாகிவிட்டால் கட்டடத்துக்குக் கெட்டி ஆயுசு.

சர்க்கார் மனது வைத்தால் விழுந்ததையும் எழுப்பலாம் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. கடற்கரையில் இருந்த பிரெஞ்சுக்கால நகரமன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. உலக வங்கிக் கடனில் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் இந்த யூனியன் பிரதேசத்தில் மரபு என்றால் அந்த வெள்ளைச் சுவர்களும் மஞ்சள் சுவர்களும்தான். இடையில் சில காலம் தவிர, 1739 முதல் 1954 வரை காரைக்காலும் அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது, சுற்றுலாக் கையேட்டைப் பார்த்தால் தெரியாது. அதிலும் தரை டிக்கெட் வாங்கியவர்கள் உட்கார்ந்த இடத்தை மரபு என்று சொன்னால் அதிகாரிகள் முகத்தைப் பார்ப்பார்கள். பிரான்ஸிலோ லூமியேர் படங்கள் ஓடிய லா சியோத்தா ஊர் ஏடன் தியேட்டரைச் செப்பனிட்டு 2013-ல் மறுபடி திறந்தார்கள். துபாண்டின் நாட்டில் கொட்டகை மீண்டது. அவர் கருவி போய்ச் சேர்ந்த ஊரில் கொட்டகை போயிற்று.

எல்லாத் தியேட்டரையும் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. முடியாது, தேவையும் இல்லை. இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கலாம். அளவெடுத்து வரைபடம் போட்டு, ஆபரேட்டரையும் டிக்கெட் கிழித்தவரையும் உட்கார வைத்துப் பேச விட்டு எழுதிக்கொள்ளலாம். கட்டடத்துக்கு இடிப்பு அனுமதி தரும் அலுவலகம் இந்த ஒரு நாளை நிபந்தனையாக வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான். 1973-ல் ஏ.பி. நாகராஜன் 'காரைக்கால் அம்மையார்' எடுத்தார். இளம் புனிதவதியாக லட்சுமி, முதிய அம்மையாராக கே.பி. சுந்தராம்பாள். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசும் ஊருக்கு அதன் அம்மையாரே திரையில் வந்தார். அன்று வரிசையில் நின்று இடிபட்டவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டியிருப்பார்கள். எந்தக் கொட்டகை, எந்த வகுப்பு, டிக்கெட் எவ்வளவு, இடைவேளையில் என்ன தின்றோம் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். வெரைட்டி ஹாலுக்கு ரோடாவது மிஞ்சியது. நம் கொட்டகைகளுக்கு இந்த நினைவுதான்.

இன்று சாயங்காலம் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பரணில் பழைய சினிமா நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ பாதி கிழிந்த டிக்கெட்டோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் தியேட்டர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.